எட்டு மணி ரவுண்டு

இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? இல்லீல்ல. சித்த தள்ளி உக்காருங்க. பை மடியிலயே இருக்கட்டும், உள்ளாற சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்குது, மேல வச்சா கசங்கிப் போயிரும்.

பாத்தீங்களா அந்தக் கண்டக்டர? வேப்பங்காட்டுப் பிரிவு ஒண்ணு குடுப்பான்னேன். "சார், அந்த வழி வந்துங்க..."ன்னு ஆரம்பிக்கறான். எனக்கு வழி சொல்லித் தர்றான். இந்த ரோடு போடறதுக்கு முன்னாலருந்து இதுல போயிட்டு வர்றவன் நான். டிக்கெட் குடுக்கறது உன் வேலை, குடு, கேட்டதுக்கு மேல பேசாதேன்னேன். "சரீங்க சார்"னு குடுத்துட்டுப் போயிட்டான். அப்படித்தான் வச்சுக்கோணும். எடுத்த எடுப்புலயே ஒரு தட்டு தட்டி வச்சா அப்புறம் வாயத் தொறக்க மாட்டானுக.

நீங்க எதுவரைக்கும்? உடுமலையா. நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. எனக்குப் பதினோரு மணிக்குப் பிரிவுல இருக்கோணும். இண்டர்வியூ. இந்த வயசுல என்ன இண்டர்வியூன்னு பாக்கறீங்க. அம்பத்திநாலுங்க. எம்பேரு அமிர்தலிங்கம். மேனேஜர் வேலை, புது ஹேச்சரி. ஹேச்சரின்னா தெரியுமில்ல, முட்டைய மெஷின்ல வச்சுக் குஞ்சு பொரிக்கற எடம். ஒம்போது எடத்துக்கு எழுதிப் போட்டேன். இந்த ஒரு எடத்துலதான் வரச் சொன்னாங்க. இதுவும் இல்லீன்னா அப்புறம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, அது எனக்கே தெரியும். நேரம் தவறி வந்தா உள்ளயே விட வேண்டாம்னு அந்த மொதலாளி சொல்லி வச்சிருக்காராம். அதக் கேட்டதும் எனக்கு அவரப் புடிச்சுப் போச்சு.

என்னங்க? என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, இத மட்டும் சொல்லிக்கறேன்.

பழைய எடத்துல பதினாறு வருஷம் மேனேஜர் நான். எப்படி வெளிய வந்தேன்னு இன்னிக்கு அங்க கேப்பாங்க. அதுக்கு ஒருக்கா சொல்லிப் பாத்துக்கற மாதிரியும் ஆச்சு, நீங்க கேளுங்க. நியாயத்த நீங்களே சொல்லுங்க.

முட்டைய மெஷின்ல வச்சுட்டுக் கதவ மூடுனா ஆச்சா? கோழி அடைகாக்கறப்ப பாத்திருப்பீங்க, மூக்குல முட்டைய அப்பப்பத் திருப்பி விடும். அந்த வேலைய மெஷின் செய்யோணும். மணிக்கு ஒருக்கா உள்ள இருக்கற டிரே பூராவும் ஒரு பக்கம் சாயும். ஒரு மணிக்கு இடது பக்கம்னா அடுத்த மணிக்கு வலது பக்கம். திருப்பாம விட்டா கரு ஓட்டோட ஒட்டிக்கும். பதினெட்டு நாள் இப்படி. அப்புறம் வேற மெஷினுக்கு மாத்தி மூணு நாள். இருபத்தோராம் நாள் குஞ்சு. இதுல பாருங்க, இன்னிக்குப் பண்ணுன தப்பு இன்னிக்குத் தெரியாது. இருபத்தோரு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனால ஆளுக மேல கண்ணு வச்சுட்டே இருக்கோணும்.

முப்பத்திரண்டு பேரு எனக்குக் கீழ. முப்பத்திரண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. தினமும் எட்டு மணிக்கு நான் ரவுண்டு வருவேன். குளிச்சுட்டுத்தான் உள்ள போகோணும், உடுப்பு மாத்தோணும், கம்பெனி பூட்ஸு போடோணும், வெளிய இருக்கற நோய் உள்ள வந்துறக் கூடாதில்ல. எல்லாம் முடிச்சு எட்டு அடிக்கறப்ப மொதல் மெஷின் கண்ணாடி முன்னால நிப்பேன். பதினாறு வருஷத்துல ஒரு நாள் எட்டு அஞ்சு ஆனதில்ல, ஏழு அம்பத்தஞ்சு ஆனதில்ல. என் ரவுண்ட வச்சுக் கடிகாரத்த சரி பண்ணிக்குவானுக. எட்டரைக்கு மீட்டிங். நான் பேசுவேன், அவனுக கேப்பானுக.

அந்த மீட்டிங்குல ஒரு நாள் கனகமணின்னு ஒரு பொம்பள எந்திரிச்சு நின்னா. முட்டை அடுக்கற வேலை அவளுக்கு. "சார், ரெண்டாம் நம்பர் மெஷின்ல கைய வச்சா சூடு கம்மியாத் தெரியுதுங்க"ங்கறா. படிச்சது எட்டாவது. மெஷின்ல மீட்டர் இருக்குது, கம்ப்யூட்டர் இருக்குது, இவ கைய வச்சு டிகிரி சொல்றா. நான் சும்மா விடுவனா. "டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வழி விடுங்க, மெஷினுக்கு நாடி பாக்கட்டும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாருமான்னா, நான் சிரிச்சேன், பக்கத்துல இருந்த ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. அன்னையிலருந்து அவ பேரு டாக்டரம்மாதான். எதுத்தாப்ல வந்தாலும், "டாக்டரம்மா, ஊசி கீசி போடறீங்களா"ம்பேன். வேலை எடத்துல கொஞ்சம் தமாசும் வேணுமில்லீங்களா.

அந்த மெஷின்ல மறுநாள் கரண்ட்டுக்காரன் பாத்து ஹீட்டர் கம்பி ஒண்ணு அத்துப் போச்சுன்னான். அது வேற விஷயம். குருட்டாம்போக்குல சொன்னது ஒருக்கா பலிச்சிரும். அதுக்காக அவளக் கூப்பிட்டு மால போட முடியுமா? நான் அதப் பத்திப் பேச்சே எடுக்கல. அவளும் அப்புறம் மீட்டிங்குல வாயத் தொறக்கல. பின்னால செவுத்துல சாஞ்சுட்டு நின்னுக்குவா.

அலாரம் இன்னொரு தொல்லை. மெஷின்ல எது கோளாறானாலும் கத்தும். கதவு சரியா மூடலீன்னாலும் கத்தும். நான் ஒரு போர்டு வாங்கி மாட்டுனேன். யாரு டூட்டியில அலாரம் அடிக்குதோ அவன் பேரு சிவப்புல எழுதி ஒரு மாசம் தொங்கும். சோத்துக்குப் போறப்ப, டீக்குப் போறப்ப, எல்லாரும் அந்தப் பேரப் பாத்துட்டுத்தான் போகோணும். நம்ப மாட்டீங்க, மொத மாசம் ஏழு பேரு. ரெண்டாம் மாசம் ரெண்டு. அப்புறம் நாலு மாசம் போர்டு சுத்தம். ஒரு அலாரம் அடிக்கல. மொதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பலே அமிர்தம்னாரு.

ஏன் இந்தக் குலுக்கு குலுக்கறான்? ரோட்ட விட்டுட்டுக் காட்டுக்குள்ள ஓட்டறானா என்ன. டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியோணுமில்ல. இருங்க இருங்க, நீங்க சொல்லறது அப்புறம். சுவாரசியமே இனித்தான்.

கோயமுத்தூர்ல மேனேஜர்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி வச்சாங்க. கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்து, கீழ இருக்கறவங்க மனசு விட்டுப் பேசோணும், பயமில்லாமச் சொல்லோணும், நீங்க காது குடுக்கோணும்னு சாயங்காலம் வரைக்கும் பேசுனான். பிரியாணி நல்லா இருந்துச்சு. நான் திரும்பி வந்த மறுநாளே ஒரு பெட்டி செஞ்சு மாட்டிட்டேன். பூட்டுப் போட்டு, சாவி என்கிட்ட. பேரு போட வேண்டாம், மனசுல பட்டத எழுதிப் போடுங்கன்னு மீட்டிங்குல சொன்னேன். நான் ஒண்ணும் காது குடுக்காதவன் இல்லீங்க.

பத்து நாள் காலியாக் கெடந்துச்சு. பதினோராம் நாள் ஒரு சீட்டு. என்ன எழுதியிருந்துச்சுன்னு நெனைக்கறீங்க? எனக்கு மனப்பாடம். "எட்டு மணிக்கு மட்டும் வராதீங்க சார். மத்த நேரத்துலயும் ஒருக்கா வந்து பாருங்க." அவ்வளவுதான். ஒரு மேனேஜர் எப்ப வரோணும் எப்ப போகோணும்னு இவனுக நேரம் குறிச்சுக் குடுக்கறானுக. லீவு லெட்டர் ஃபைல எடுத்து ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன். முப்பத்திரண்டு பேரு கையெழுத்தும் பாத்தேன். சாயங்காலத்துக்குள்ள புடிச்சுட்டேன். நாச்சிமுத்து. மெஷின் ஆபரேட்டர், எனக்கு முன்னாலருந்து அங்க இருக்கறவன், மெஷினப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு.

பேரு போட வேண்டாம்னுதான் சொன்னேன். கண்டுபுடிக்க மாட்டேன்னு சொல்லலையே? மறுநாள் மீட்டிங்குல சீட்ட எடுத்துப் படிச்சேன். லீவு லெட்டரையும் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுனேன். அவன் பூட்ஸப் பாத்துட்டு நின்னான். அன்னைக்கே அவன முட்டை ஓடு கொட்டற செக்‌ஷனுக்கு மாத்திட்டேன். பொரியாத முட்டை, ஓடு, அழுகல், எல்லாம் அள்ளிக் கொட்டி டிரே கழுவற எடம். நாத்தம் கொடலப் புடுங்கும். கத்துக்கட்டும்னு விட்டேன்.

அதுக்கப்புறம் அந்தப் பெட்டிய வாரா வாரம் தொறப்பேன். ஒரு சீட்டு இருக்காது. ஒரு தடவ ஒரு பல்லி இருந்துச்சு. மொதலாளிக்கு மாசா மாசம் ரிப்போர்ட் எழுதுவேன், பணியாளர்களிடம் குறை எதுவும் இல்லைன்னு. அது உண்மைதானுங்களே? குறை இருந்தா எழுதிப் போட்டிருக்கோணுமில்ல?

இப்படி எல்லாம் நேர்த்தியா போயிட்டிருந்தப்பத்தான் போன ஆவணி வந்துச்சு. ஆவணியில வைக்கற முட்டைக்கு ஒரு கணக்கு இருக்குது. இருபத்தோரு நாள்ல குஞ்சு, அப்புறம் நாப்பது நாள்ல கறி, சரியா தீபாவளிக்கு நிக்கும். வருஷத்துலயே பெரிய சீசன். அம்பத்தேழாயிரத்து அறுநூறு முட்டை, ஒரே மெஷின்ல. நானே நின்னு பூஜை போட்டு வச்சேன்.

அன்னையிலருந்து தினமும் எட்டு மணிக்குக் கண்ணாடி வழியாப் பாக்கறேன். டிரே இடது பக்கம் சாஞ்சு நிக்குது. எட்டு மணிக்கு இடது பக்கந்தான் இருக்கோணும். பக்கத்துல தொங்கற ரிஜிஸ்டர எடுத்துப் பாக்கறேன். மணிக்கு ஒருக்கா டூட்டிக்காரன் எழுதோணும். ஏழு மணி, வலது. எட்டு மணி, இடது. எல்லாம் வரிசையா இருக்குது. ஒரு மணி விடல, ஒரு அடிச்சுத் திருத்தல் இல்ல. நான் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த மெஷினுக்குப் போறேன். இதுல எங்கீங்க என் தப்பு?

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நாச்சிமுத்து என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னான். முட்டையோட்டு நாத்தத்தோட. கதவப் புடிச்சுட்டு, "சார்"ங்கறான். நான் கணக்குப் பாத்துட்டிருந்தேன். "உன் செக்‌ஷன் எது? இங்க உனக்கு என்ன சோலி? மறுபடியும் எனக்கு நேரம் குறிச்சுக் குடுக்க வந்தியா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க சார்"னுட்டுப் போயிட்டான். இப்ப எல்லாரும் சொல்றாங்க, அவன் அதச் சொல்லத்தான் வந்தானாம். ஒருத்தன் ஒண்ணுமில்லைன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? அவன் மனசுக்குள்ள பூந்து பாக்க முடியுமா எனக்கு?

பதினெட்டாம் நாள் மெஷின் மாத்தறப்ப, கனகமணியும் இன்னும் நாலு பொம்பளைகளும் விளக்குல முட்டையக் காட்டிப் பாத்து அடுக்குனாளுக. கரு உயிரோட இருக்குதா இல்லியான்னு அந்த வெளிச்சத்துல தெரியும். எப்படி இருக்குதுன்னு வாசல்லருந்தே கேட்டேன். ஒருத்தி முகத்த ஒருத்தி பாத்துக்கிட்டாளுக. "இருக்குதுங்க சார்"னா கனகமணி. "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, அப்புறமென்ன"ன்னுட்டு வந்துட்டேன். அன்னைக்கே மொதலாளிக்குப் போன் போட்டு, இருபத்தோராம் நாள் நீங்களே வந்து கதவத் தொறக்கோணும்னு கூப்பிட்டேன்.

வந்தாரு. வெள்ளை வேட்டியக் கழட்டி வச்சுட்டு, குளிச்சு, கம்பெனி உடுப்புப் போட்டுட்டு நிக்கறாரு. குஞ்சு பொரிஞ்ச மெஷினு எப்படி இருக்கும்னா, கதவுக்கு வெளியவே சத்தம் கேக்கும். பக்கத்துல நின்னு பேசுனா காது கேக்காது. அன்னைக்குக் கதவு கிட்டப் போயி நிக்கறோம், அவரு செருமுனது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தொறந்தாரு. எங்கயோ ஒரு மூலையில கீச்சுக் கீச்சுங்குது. மத்தபடி முட்டை முட்டையாவே கெடக்குது. பாதி ஓடு ஒடைச்சுட்டு வெளிய வர முடியாம ஒட்டிட்டுக் கெடக்கற குஞ்சு ஆயிரக்கணக்குல. நாலுல ஒரு பங்கு கூடத் தேறல. மொதலாளி ஒரு குஞ்சக் கையில எடுத்தாரு, தலையத் தூக்கி ஒருக்கா பாத்துட்டுச் செத்துப் போச்சு. அத எங்கிட்ட நீட்டுனாரு. நான் என்ன பண்ணுவேன், வாங்கி வச்சுக்கிட்டேன்.

மெஷின் கம்பெனிக்காரன் வந்து பிரிச்சுப் பாத்தான். திருப்பற பல்சக்கரம் மூணாம் நாளே ஒடைஞ்சிருக்குது. பதினஞ்சு நாளா டிரே ஒரே பக்கமா சாஞ்சு நின்னிருக்குது. அலாரம் ஏன் அடிக்கலைன்னு பாத்தா, அலாரம் கம்பியப் புடுங்கி டேப்பு சுத்தி வச்சிருக்கானுக, நாலு மாசமா. அப்புறம் அந்த ஆளு எங்கிட்டக் கேக்கறான், "நீங்க எப்ப சார் ரவுண்டு வருவீங்க?" எட்டு மணிக்குன்னேன். "தினமும் எட்டு மணிக்கேவா?" ஒரு நிமிஷம் தப்பாதுன்னேன். சிரிச்சுட்டான். "ஒரு நாளைக்கு இருபத்திநாலு தடவ திரும்புது சார். இன்னிக்கு எட்டு மணிக்கு எந்தப் பக்கமோ, நாளைக்கும் எட்டு மணிக்கு அதே பக்கந்தான். ஓடுனாலும் உங்களுக்கு அப்படித்தான் தெரியும், நின்னாலும் அப்படித்தான் தெரியும். ஒரே ஒரு நாள் ஒம்போது மணிக்கு வந்திருந்தாப் போதும்"ங்கறான். மொதலாளி முன்னாலயே. அப்போ நான் பாத்தது சரிதான்னு அவனே ஒத்துக்கிட்டான், கவனிச்சீங்களா? எட்டு மணிக்கு இடது பக்கம் இருந்துச்சு, நான் இடது பக்கம்னுதான் கையெழுத்துப் போட்டேன்.

மொதலாளி எல்லாரையும் நிக்க வச்சாரு. அந்தப் போர்டுக்குக் கீழ. யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. முப்பத்திரண்டு பேரும் பூட்ஸப் பாக்கறானுக. அப்ப பின்னால செவுத்துகிட்ட இருந்து கனகமணி சொல்றா, "எல்லாருக்குந் தெரியுமுங்க. அவருக்கு மட்டுந்தானுங்க தெரியாது."

பாருங்க நெஞ்சழுத்தத்த. அவரு, "ஏம்மா சொல்லல?"ங்கறாரு. "நான் ஒருக்கா சொல்லி டாக்டரம்மா ஆயிட்டனுங்க. நாச்சிமுத்தண்ணன் ஒருக்கா சொல்லி முட்டை ஓடு அள்ளப் போயிட்டாருங்க. மத்தவங்க பாத்துட்டுத்தானுங்க இருந்தாங்க"ன்னா. குரல் கூட ஒசரல. எனக்கு அங்கயே அவள அறையலாம்னு இருந்துச்சு. உள்ளுக்குள்ள என்னமோ அத்துப் போன மாதிரியும் இருந்துச்சு, அத விடுங்க. முப்பத்திரண்டு பேரு கூடிப் பேசி என் கால வாரி விட்டிருக்கானுக. பதினஞ்சு நாள் பொய் ரிஜிஸ்டர் எழுதியிருக்கானுக, இடது வலது இடது வலதுன்னு. அந்த ரிஜிஸ்டர நான் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கறேன், இந்தப் பையிலதான் இருக்குது. இண்டர்வியூல காட்டப் போறேன். எப்பேர்ப்பட்ட ஒழுங்கு வச்சிருந்தேன்னு அவங்களே பாக்கட்டும். பொய்யே எழுதுனாலும் ஒரு அடித்தம் திருத்தம் கெடையாது.

மொதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டு, நாளையிலருந்து வர வேண்டாமுங்கன்னாரு. பதினாறு வருஷமா அமிர்தம், வா போன்னு கூப்பிட்ட மனுஷன், அன்னைக்கு 'ங்க' போட்டாரு. அதுதாங்க எனக்குத் தாங்கல.

வீட்டுல இன்னும் சொல்லல. ரெண்டு மாசமாச்சு. காத்தால எப்பவும் போலக் கெளம்பிருவேன், சோத்துப் போசியோட. பார்க்குல உக்காந்திருப்பேன், இல்லீன்னா லைப்ரரி. சம்சாரத்துக்குத் தெரிஞ்சா வெசனப்படுவா, அதுதான். நல்ல வேளை, அவ எதுவும் கேக்கறதில்ல. கம்பெனிச் சட்டையத் துவைச்சு மடிச்சுப் பொட்டியில போட்டுட்டா, தேச்சு வைக்கறதில்ல, அது ஏன்னு தெரியல. இன்னிக்கு என்னமோ எழுந்து பாக்கறேன், புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கறா, பக்கத்துல துண்ணூறு மடிச்சு வச்சிருக்கறா. இண்டர்வியூன்னு நான் மூச்சு விடல. பொம்பளைகளுக்கு எப்பவாச்சும் இப்படித் தோணும் போல.

கையத் தொடாதீங்க, கேட்டுட்டுத்தானே இருக்கறீங்க. முடிஞ்சிருச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணு.

என் எடத்துக்கு யாரப் போட்டிருக்காங்க தெரியுங்களா? கோகிலவாணின்னு ஒரு புள்ள. கால்நடை டாக்டருக்குப் படிச்சதாம், முப்பது வயசு கூட இல்ல. கம்பெனி வேன் டிரைவரு சொன்னான். மொத நாளே மீட்டிங்குல, "எனக்கு இந்த மெஷின் புதுசு, தெரியாதத நீங்கதான் சொல்லித் தரோணும்"னுச்சாம். ஒரு மேனேஜர் தெரியாதுன்னு சொல்லலாமுங்களா? அப்புறம் அந்த ஓட்டு நாத்தத்துல கெடந்த நாச்சிமுத்தக் கூட்டிட்டு வந்து பக்கத்துல நிக்க வச்சு, கதவத் தொறக்கக் கத்துக்கிச்சாம். மூணாம் நாள் இதுவே கதவச் சரியா மூடாம அலாரம் அடிக்க விட்டிருக்குது. எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. இது என்ன பண்ணுச்சு, நேரா போர்டுகிட்டப் போயி சிவப்புல தன் பேரையே எழுதிருச்சாம். எழுதிட்டு, "இன்னிக்கு என்னுது, யாருதுன்னாலும் கத்துனா எனக்குச் சொல்லுங்க"ன்னுச்சாம். அப்புறம் போர்டக் கழட்டிக் கனகமணிகிட்டக் குடுத்து, முட்டை டிரே மூடறதுக்கு வச்சுக்கங்கன்னுருச்சாம்.

இதெல்லாம் ஒரு நிர்வாகமா? இப்ப ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ அலாரம் அடிக்குதாம். ஏழெட்டுத் தடவ. நான் இருந்தப்ப நாலு மாசம் ஒரு சத்தம் கேட்டிருக்குமா? கண்ட நேரத்துல அது மெஷின் ரூமுக்குள்ள சுத்துதாம், காத்தால போனா சாயங்காலமும் போகுதாம், நேரம் காலமே கெடையாது. மீட்டிங்குல கனகமணி பத்து நிமிஷம் பேசறாளாம், அது குறிப்பு எடுத்துக்குதாம். குஞ்சு என்னமோ நூத்துக்கு எம்பத்தாறு வருதுன்னான் டிரைவரு. எனக்கு அதிகபட்சம் எம்பத்தொண்ணு வந்திருக்குது. அது ஒண்ணுமில்லீங்க, இப்பக் கரண்ட்டு நல்லா இருக்குது, முட்டையும் நல்ல முட்டை. இன்னும் ஆறு மாசம் போகட்டும், அந்த முப்பத்திரண்டும் அது தலை மேல ஏறி உக்காந்துக்கும்.

இன்னிக்குப் போற எடத்துல எம்பத்தஞ்சு பேராம். மொத நாளே போர்டு மாட்டிருவேன்.

இதென்ன, கரண்ட்டு எடுக்கற காத்தாடியெல்லாம் தெரியுது? பிரிவுக்கு முன்னால காத்தாடி ஏது? மணி எத்தன... பத்தே முக்கால். ஏனுங்க, வேப்பங்காட்டுப் பிரிவு இன்னும் வரலீங்களா?

போயிருச்சுங்களா?

என்ன சொல்றீங்க. பாலம் வேலையா. ஒரு மாசமா பஸ்ஸு அந்தப் பக்கமே போறதில்லையா. பழைய செக்போஸ்ட்டுலயே எறங்கி வேற பஸ்ஸு புடிக்கோணுமா. அப்போ அந்தக் கண்டக்டருக்குத் தெரியுமில்ல? டிக்கெட் குடுக்கறப்பவே தெரியுமில்ல? ஏம்மா, கூடைய வச்சுட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களுக்குந் தெரியுமா? பின்னால இருக்கறவங்களுக்கு? எல்லாருக்குந் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியல.

உங்களுக்கும் தெரியுந்தானுங்களே. மூணு தடவ சொல்ல வந்தீங்களா. வந்தாச் சொல்லோணுமில்ல? நான் இருங்கன்னா இருந்துருவீங்களா? பதினோரு மணிக்குங்க எனக்கு. பதினோரு மணிக்கு. இது ஒண்ணுதாங்க இருந்துச்சு எனக்கு.

பாருங்க, இப்ப பஸ்ஸ நிறுத்தி வச்சுட்டு வர்றான் கண்டக்டரு, பெரிய மனுஷன். என்னப்பா, மறுபடியும் சாருங்கற? அப்பச் சொல்ல வாயில்ல, இப்ப என்னத்தச் சொல்ல வந்துட்ட? உன்னை மாதிரி எத்தனையோ பேரப் பாத்தவன் நான். சொல்லு, என்ன? 

ஒண்ணுமில்லீங்க சாரா. அதுதான் எனக்குத் தெரியுமே. விசிலடி, போ.

பாத்தீங்களா, நான் சொன்னேனில்ல? இந்தச் சனங்களே இப்படித்தான். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான், கவுத்துட்டு வேடிக்கை பாப்பானுக. எதுக்குங்க ஜன்னல் பக்கமே கையக் காட்டறீங்க? ஆமா, எதுத்தாப்ல ஒரு மினி பஸ்ஸு நிக்குது, போர்டுல வே-ன்னு என்னமோ எழுதியிருக்குது, என் கண்ணாடி பைக்குள்ள இருக்குது. நிக்கட்டும். நம்ம பஸ்ஸு கெளம்பிருச்சு, இனி என்ன. கையக் கீழ எறக்குங்க. மொதல்ல நான் இவனுகளப் பத்திச் சொல்லி முடிச்சுக்கறேன்.